கணினிகள் இணைந்துவிட்டன, ஜாமீன் உத்தரவு ஏன் இன்னும் சிறை வாசலில் நிற்கிறது?

கேள்வி இது: “காவல் நிலையம், நீதிமன்றம், சிறை எல்லாம் ஒரே கணினி வலையில் இணைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். என் சித்தப்பா மகனுக்கு வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தது புதன்கிழமை. அப்படியானால் இணைத்தது எதற்கு? அந்தத் தகவலுக்கெல்லாம் யார் பொறுப்பு? நம்மைப் பற்றி அதில் தப்பாக ஏதாவது ஏறியிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?”

நான் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் குற்றவியல் வழக்குகள் நடத்துபவன். சட்டப் பணிகள் ஆணைக்குழு சார்பில் சிறைக்குப் போய்க் கைதிகளுக்கு மனு எழுதித் தரும் வேலையையும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். உங்கள் மூன்று கேள்விக்கும் அடியில் ஓடுவது ஒன்றுதான். ஒருவரைப் பிடிப்பதற்கான தகவல் விரைவாகப் போய்ச் சேர்கிறது. அதை வாங்குபவருக்கு அதை வைத்து உடனே ஒரு வேலை இருக்கிறது. விடுவிப்பதற்கான தகவல் போய்ச் சேர்ந்த பிறகும் கிடக்கிறது. அதைத் திறந்து பார்ப்பது இன்னாருடைய கடமை என்று நெடுங்காலம் யாரும் எழுதிவைக்கவில்லை. கம்பி இழுத்ததால் மட்டும் இது மாறாது.

பழைய வழக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பீகாரில் முசாஃபர்பூர் சிறையில் இருந்த ருதுல் சா என்பவரை 1968 ஜூன் 3 அன்று செஷன்ஸ் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர் சிறையை விட்டு வெளியே வந்த நாள் 1982 அக்டோபர் 16. பதினான்கு ஆண்டுகள், குற்றவாளி இல்லை என்ற தீர்ப்போடு உள்ளே இருந்தார். அவர் மனநலம் குன்றியிருந்ததாக அரசு சொன்ன விளக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1983-ல் மொத்தம் 35,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அடிப்படை உரிமையை மீறினால் அரசு பணமாக ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு அந்தத் தீர்ப்பிலிருந்து வளர்ந்தது என்று சட்டக் கல்லூரியில் படித்தோம். இன்று அதைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. தீர்ப்பு நீதிமன்றத்தில் இருந்தது, ஆள் சிறையில் இருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு கை பதினான்கு ஆண்டுகள் எங்குமே இல்லை.

அது காகிதக் காலம் என்று தள்ளிவிட முடியாது. குஜராத்தில் ஆயுள் தண்டனைக் கைதி ஒருவருக்கு 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. நீதிமன்றப் பதிவகம் உத்தரவைச் சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்பியது. மின்னஞ்சல் வந்து சேர்ந்ததும் உண்மை. இணைப்பைத் திறக்க முடியவில்லை என்பது சிறையின் விளக்கம். திறக்க முடியவில்லை என்று யாரும் திரும்ப எழுதவில்லை. அதே மின்னஞ்சல் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் போயிருந்தது. ஆள் வெளியே வந்தாரா என்று அங்கும் யாரும் பார்க்கவில்லை. அவர் மூன்று ஆண்டுகள் கூடுதலாக உள்ளே இருந்தார். 2023-ல் இது வெளிச்சத்துக்கு வந்தபோது உயர் நீதிமன்றம் அவருக்கு 1 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தகவல் பகிரப்பட்டது, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஒரு பயனும் இல்லை.

2025-ல் காசியாபாத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றமே ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தது. விசாரணை நீதிமன்றம் மே 27 அன்று விடுவிப்பு உத்தரவும் பிறப்பித்தது. அதில் சட்டப் பிரிவின் ஓர் உட்பிரிவு எண் விட்டுப்போயிருந்தது என்று சொல்லிச் சிறை நிர்வாகம் அவரை விடவில்லை. ஜூன் 24 அன்றுதான் வெளியே வந்தார். 28 நாள் சுதந்திரம் பறிபோனதற்கு இடைக்காலமாக 5 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரபிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. ஆள் யார், வழக்கு எது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஓர் எழுத்து குறைவதைக் காரணம் காட்டி ஒருவரை உள்ளே வைப்பது அதிகாரிக்குப் பாதுகாப்பு. அதே எழுத்தைப் பொருட்படுத்தாமல் வெளியே விடுவது அவருக்கு ஆபத்து. இந்தக் கணக்கு மாறாத வரை எந்த மென்பொருளும் உதவாது.

இதைத் தலைமை நீதிபதி அளவில் உணர்ந்தது 2021-ல். ஆக்ரா மத்திய சிறையில் இருந்த 13 பேருக்கு, குற்றம் நடந்தபோது அவர்கள் சிறார்கள் என்பதால், அந்த ஆண்டு ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. சான்றிட்ட நகல் தபாலில் வரவில்லை என்று அவர்களை விடாமல் வைத்திருந்தார்கள். செய்தியைப் பார்த்து அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா தலைமையிலான அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான், உத்தரவுகளைச் சிறைக்கு அனுப்பும் ஃபாஸ்டர் என்ற மின்னணு முறை. 2022 மார்ச் 31-ல் தொடங்கியது. அதில் முக்கியமானது மென்பொருள் இல்லை. மின்னணுச் சான்றோடு வரும் நகலைச் சிறை அதிகாரிகள் செல்லுபடியாகும் நகலாக ஏற்கும்படி எல்லா மாநிலங்களும் விதிகளைத் திருத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதே முக்கியம். அதே 2021 அக்டோபரில் மும்பையில் பிரபல இந்தி நடிகர் ஒருவரின் மகனுக்கு ஜாமீன் கிடைத்து, ஆர்தர் சாலைச் சிறை வாசலில் இருந்த ஜாமீன் பெட்டிக்குள் மாலைக் கெடுவுக்கு முன் காகிதம் விழாததால் இன்னொரு இரவு உள்ளே இருக்க நேர்ந்தது நினைவிருக்கும். பெயர் இருந்தவர் என்பதால் நாடே பார்த்தது. அந்தப் பெட்டிக்குள் காகிதம் விழக் காத்திருந்த மற்றவர்களை யாரும் பார்க்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட இணைப்புக்கு வருகிறேன். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2009-ல், நாட்டின் காவல் நிலையங்களை இணைக்க 2,000 கோடி ரூபாயில் சி.சி.டி.என்.எஸ். திட்டம் வந்தது. நீதிமன்றங்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் மின்குழு வழிகாட்ட, இ-கோர்ட்ஸ் தனியாக வளர்ந்தது. சிறைகளுக்கு இ-பிரிசன்ஸ், தடய அறிவியலுக்கு இ-ஃபாரன்சிக்ஸ், அரசு வழக்கறிஞர்களுக்கு இ-பிராசிகியூஷன். இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று பேசவைப்பதற்குத்தான் ஐ.சி.ஜே.எஸ். இதற்கு நீதித்துறைப் பக்கத்திலிருந்து முன்கை எடுத்தவர் நீதிபதி மதன் லோக்கூர். காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் நேரடித் தரவுப் பரிமாற்றம் 2018 டிசம்பரில் தெலங்கானாவின் வாரங்கலில் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் இரண்டாம் கட்டத்துக்கு 3,375 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஒரு தகவலை ஒரு தடவைதான் ஏற்ற வேண்டும், பிறகு எல்லாரும் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் அந்த ஒரு தடவை ஏற்றுவது தப்பாக இருந்தால், தப்பும் ஐந்து இடத்துக்கும் ஒரே நொடியில் போகும்.

தப்பு எப்படி நுழைகிறது என்பதை நீதிமன்ற வராண்டாவில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காவல் நிலையத்தில் வழக்குக்குக் குற்ற எண் விழும். அது அந்த நிலையத்துக்கு மட்டும், அந்த ஆண்டுக்கு மட்டும் உரியது. ஜனவரி பிறந்தால் மறுபடி 1-லிருந்து. குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டதும் நடுவர் நீதிமன்றத்தில் சி.சி. எண். செஷன்ஸ் விசாரிக்க வேண்டிய வழக்கானால் முதலில் பி.ஆர்.சி. எண், நடுவர் அதைச் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பியதும் எஸ்.சி. எண். ஜாமீன் மனுவுக்குத் தனி எண், உயர் நீதிமன்றம் போனால் அங்கே வேறொன்று. சிறையில் ஆளுக்கு ஓர் எண். ரத்தக் கறை பட்ட சட்டை தடய ஆய்வகத்துக்குப் போனால் அங்கே அதற்கு ஓர் எண். இ-கோர்ட்ஸ் தரும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் இவற்றையெல்லாம் கட்டிப் பிடிக்க உதவும். ஆனால் எஃப்.ஐ.ஆர். எண்ணோடு அதைச் சரியாகக் கோர்த்து ஏற்றியிருக்க வேண்டும். சிறை அலுவலகத்தில் ஒரு விடுவிப்பு உத்தரவை வைத்துக்கொண்டு, இந்த எஸ்.சி. நம்பர் நம் கைதியின் எந்தக் குற்ற எண்ணுக்கு உரியது என்று ஒரு காவலர் போன் மேல் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

எண் ஒரு சிக்கல் என்றால் பெயர் இன்னொன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முருகன், தகப்பனார் பெயர் சுப்பிரமணி. ஒரு தாலுகாவுக்குள்ளேயே இப்படி எத்தனை பேர்? கைது குறிப்பாணையில் சுப்பிரமணி, ஆதாரில் சுப்பிரமணியன், நீதிமன்றக் கணினியில் ஆங்கில எழுத்தில் ஏற்றியவர் கைக்கு வந்த எழுத்துக்கூட்டல். இதற்கு மேல் ‘என்கிற’ என்பதைக் குறிக்கும் ‘(எ)’ போட்டு ஒரு பட்டப்பெயர். ஊரில் கூப்பிடும் செல்லப் பெயர் கூட நிலைய எழுத்தரான ரைட்டர் கையால் எஃப்.ஐ.ஆரில் ஏறியதும் குற்றவாளி அடையாளம் ஆகிவிடுகிறது. பெயர் பொருந்தாத குறையைத் தீர்க்க 2022-ல் நாஃபிஸ் என்ற தேசியக் கைரேகைத் தொகுப்பு வந்தது. கைதானவருக்கு 10 இலக்க எண் ஒன்று தருகிறது. ஆளை மாற்றிப் பிடிக்கும் தவறு இதனால் குறையும். கைரேகையைப் பற்றி வேறொரு கவலை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் சித்தப்பா மகன் விஷயம். வெள்ளி முதல் புதன் வரை என்ன நடந்திருக்கும் என்று பெரும்பாலும் ஊகிக்க முடியும். ஜாமீன் உத்தரவு வந்ததும் ஆள் வெளியே வந்துவிடுவதில்லை. நடுவர் முன் இரண்டு ஜாமீன்தாரர்களை நிறுத்த வேண்டும். அவர்களுடைய அடையாளம், சொத்து அல்லது சம்பளச் சான்று சரிபார்க்கப்பட வேண்டும். சனி, ஞாயிறு போனது. திங்கட்கிழமை ஜாமீன்தாரர் வந்திருப்பார், கிராம நிர்வாக அலுவலர் சான்று வந்திருக்காது. செவ்வாய் மாலை நடுவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், சிறையில் கணக்கெடுத்து அடைக்கும் நேரம் தாண்டியிருந்தால் மறுநாள்தான். இதற்கிடையில் வேறு வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா, சிறையில் இருப்பவரை வேறு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் பி.டி. வாரண்ட் வேறு நீதிமன்றத்திலிருந்து வந்திருக்கிறதா என்று சிறை பார்க்கும். இதில் கணினி குறைக்கக்கூடிய தாமதம் பாதி. மீதிப் பாதி பணமும் ஆள்பலமும் இல்லாதவர்களுக்கு ஜாமீன்தாரர் கிடைக்காத தாமதம்.

இந்த மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்த்தது 2023 ஜனவரி 31 அன்று நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், அபய் ஓகா பிறப்பித்த உத்தரவு. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் உருப்படியாக எழுதப்பட்ட ஆவணம் இதுதான். ஜாமீன் கொடுக்கும் நீதிமன்றம் அன்றைக்கோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் நகல் அனுப்ப வேண்டும். ஜாமீன் கிடைத்த தேதியைக் கண்காணிப்பாளர் இ-பிரிசன்ஸில் ஏற்ற வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இது தானாகவே மின்னஞ்சலாகப் போகும்படி மென்பொருளில் இடம் செய்யுமாறு தேசியத் தகவலியல் மையத்துக்கும் சொன்னார்கள். செயலாளர் ஆளை அனுப்பிக் கைதியின் குடும்ப நிலையை விசாரித்து, நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு நீதிமன்றத்தில் அறிக்கை வைக்கலாம். ஒரு மாதத்தில் பிணைப்பத்திரம் தரப்படாவிட்டால் நீதிமன்றமே தானாக எடுத்து நிபந்தனையை மாற்றலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனை தாமதத்துக்கு ஒரு காரணம். அப்படிப்பட்ட வழக்கில் அதை விதிக்கலாகாது.

இதில் உள்ள நுணுக்கத்தைக் கவனியுங்கள். ஜாமீன் தேதி, விடுவிப்புத் தேதி என்று இரண்டே கட்டங்கள். ஒன்று நிரம்பி இன்னொன்று காலியாக இருந்தால் அந்த வெறுமையே ஒரு தகவல். அது ஒரு குறிப்பிட்ட நபரின் மேசைக்குப் போகிறது, அவருக்கு அதன் மேல் ஒரு வேலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ருதுல் சாவுக்கு 1968-ல் இந்த இரண்டு கட்டங்கள் இருந்திருந்தால் போதும். ஆனால் முதல் கட்டத்தை ஏற்ற வேண்டிய சிறையில் அதற்கு ஆள் இருக்க வேண்டும். 2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இத்தனை பேரின் கோப்பைப் பார்க்கும் எழுத்தர்களின் கைவேலையில்தான் அந்த 3,375 கோடி ரூபாய் கடைசியாக வந்து நிற்கிறது.

இன்னொரு நல்ல வாய்ப்பும் இதே இடத்தில்தான் சிக்குகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 479-ஆம் பிரிவு, இதுவரை தண்டனை பெறாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் அவரை விடுவிக்கச் சொல்கிறது; மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பைச் சிறைக் கண்காணிப்பாளர் தலையில் சட்டமே வைக்கிறது. பழைய வழக்குகளின் கைதிகளுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் முன்பு தண்டனை பெற்றவரா என்று கண்காணிப்பாளருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஐ.சி.ஜே.எஸ். உண்மையிலேயே தேவை. ஆனால் அதே பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்கிறது. எட்டு வருடத்துக்கு முன் விடுதலையான ஒரு வழக்கு, முடிவு ஏற்றப்படாமல் காவல் நிலையக் கணினியில் இன்னும் ‘நிலுவை’ என்றே கிடந்தால்? அந்தப் பழைய தூசி இந்த ஆளின் கதவை அடைத்துவிடும்.

நான் நேரில் கண்ட ஒன்று. கட்சிக்காரர் ஒருவர் வாய்தாவுக்கு வராததால் பிடியாணை பிறந்தது. மறு வாரமே அவரை ஆஜர்படுத்தி, பிடியாணையை ரத்து செய்யும் ரீகால் உத்தரவு வாங்கினேன். மூன்று மாதம் கழித்து, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனவரை வழியில் நிறுத்திச் சோதித்த காவலர்கள், வாரண்ட் நிலுவை என்று நிலையத்துக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் உட்காரவைத்துவிட்டார்கள். பிடியாணை கணினியில் ஏறியிருந்தது, ரத்து ஏறவில்லை. அந்தக் காவலர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் கண்ட திரை அப்படித்தான் சொன்னது. அந்த மனிதர் அதன் பிறகு ரீகால் மெமோவின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார்.

சரி, யார் பொறுப்பு? காவல்துறையும் சிறையும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில். மென்பொருள்களைச் செய்து தருவது மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம். ஐ.சி.ஜே.எஸ்-ஐ நடத்துவது மத்திய உள்துறையின் கீழுள்ள தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இத்தனை கைகள் தொடும் ஒரு தொகுப்புக்குத் தனிச்சட்டம் எதுவும் இல்லை. நிர்வாகத் திட்டமாகவே ஓடுகிறது. எந்தப் பதவியில் உள்ளவர் எதைத் தேடலாம், தேடியதற்குத் தடம் இருக்குமா, அதை வெளியார் யாராவது தணிக்கை செய்வார்களா, தப்பைத் திருத்த எத்தனை நாள் கெடு என்று நாடாளுமன்றம் எழுதிய ஒரு வரிகூட இல்லை. அந்தரங்கத்தில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவு இருக்க வேண்டும் என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வின் வழி நிலைபெற்றது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ குற்றத் தடுப்பு, புலனாய்வு, வழக்கு நடத்துதல் ஆகியவற்றுக்கு அதன் முக்கியக் கடமைகளிலிருந்து விலக்குத் தருகிறது. நீதிமன்றம் நிர்வாகத்திடமிருந்து தள்ளி நிற்க வேண்டிய அமைப்பு. அதன் பதிவுகளும் காவல்துறைப் பதிவுகளும் உள்துறையின் ஒரே கூரையின் கீழ் சந்திக்கும்போது, சாவி யாரிடம் என்று கேட்பது நீதிமன்றத்தின் மானத்துக்கும் நல்லது.

பூட்டு விழாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 2024 டிசம்பரில் பார்த்தது. பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர்., பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்களோடு, காவல்துறையின் இணையதளத்திலிருந்து பரவிவிட்டது. எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், இத்தகைய வழக்குகளை மட்டும் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லியிருக்கிறது. பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யிலிருந்து புதிய பி.என்.எஸ்-க்கு மாறியதில் எழுந்த தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இருக்கலாம் என்று தகவலியல் மையம் விளக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்து, அந்தப் பெண்ணுக்கு இடைக்காலமாக 25 லட்சம் ரூபாய் தர அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் மாறும் தேதி நான்கு மாதம் முன்னமே எல்லாருக்கும் தெரியும். புதிய பிரிவு எண்களுக்குப் பூட்டு சரியாக விழுகிறதா என்று ஜூலை 1 காலையில் சோதித்துப் பார்க்க ஒரு பெயர் குறிக்கப்பட்டிருக்க வேண்டாமா? அந்தப் பெண் கொடுத்த விலையை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

அடுத்தது, நீங்கள் கேட்காமல் கேட்டது: வழக்கு முடிந்த பிறகு பதிவு என்ன ஆகும்? விடுதலைத் தீர்ப்பு வந்தாலும் எஃப்.ஐ.ஆர். அழிவதில்லை. தமிழ்நாட்டில் காவலர் வேலைக்கான விதிகள், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் அதை ஏற்றது. கிராமத்துச் சண்டையில் பத்துப் பேரோடு பெயர் சேர்க்கப்பட்டு, சாட்சிகள் பிறழ்ந்து, எல்லாரும் விடுதலையான வழக்கில் ஒரு பையனின் வாழ்க்கை நின்றுபோவதை இதனால் கண்டிருக்கிறேன். விடுதலையானவர் தன் பெயரை இணையத்தில் உள்ள தீர்ப்பிலிருந்து மறைக்கக் கேட்ட வழக்கில், 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார். 2024-ல் அமர்வு அனுமதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. தீர்ப்புகள் பொதுவில் இருக்க வேண்டும் என்பதும் நியாயம், குற்றமற்றவர் நிம்மதியாக வாழ வேண்டும் என்பதும் நியாயம். சிறார்களுக்கு மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது: 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தில் பதிவை அழிப்பதற்கும், நன்னடத்தைச் சான்றில் வெளியிடாமல் இருப்பதற்கும் வழி உண்டு.

இந்த அச்சம் நமக்குப் புதிதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். ஒரு சமூகத்தின் ஆண்களையெல்லாம் பதிவேட்டில் ஏற்றி, ரேகை வாங்கி, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்ன சட்டம். அந்தப் பதிவுக்கு மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்படப் பலர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் போனது. ஆனால் பதிவேட்டின் பழக்கம் போகவில்லை. விளிம்புநிலைச் சமூகத்தினரை இயந்திரத்தனமாகச் சரித்திரப் பதிவேட்டில் (காவல் நிலையம் கண்காணிக்கும் ஆட்களின் பட்டியலில்) ஏற்றக் கூடாது, சிறார்களின் விவரத்தைச் சேர்க்கக் கூடாது என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சிறைப் பதிவேட்டில் உள்ள சாதிக் கட்டத்தையே நீக்குமாறு அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது. காகிதப் பதிவேடு ஒரு நிலையத்தின் பீரோவுக்குள் இருந்தது. கணினிப் பதிவேடு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் திறக்கும்.

கைரேகைக் கவலை என்று சொன்னேனே, அது இதுதான். 2022-ன் குற்றவியல் நடைமுறை அடையாளம் காணுதல் சட்டம் ரேகை, கருவிழி, விழித்திரை வரை எடுக்க அனுமதித்து, அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. முன் தண்டனை இல்லாதவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடெல்லாம் முடிந்து விடுதலையானாலோ, நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அழித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அழிக்கக் கேட்டு, மாநில அரசு நியமிக்கும் அலுவலரிடம் மனுப் போட வேண்டியவர் பாதிக்கப்பட்டவரே. எடுத்தபோது யாரும் மனுப் போடவில்லை. அழிப்பதற்கு மட்டும் எதற்கு மனு? நீதிமன்றக் கணினியில் ‘விடுதலை’ என்று விழுந்ததும் காவல்துறைப் பதிவும் ரேகைப் பதிவும் தாமாக மாறும்படி செய்வதற்கு இந்த இணைப்பே போதும். ஐ.சி.ஜே.எஸ்-க்கு நான் எதிரியில்லை. அந்தத் திசையிலும் அது ஓட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அது வரும் வரை கையால் செய்ய வேண்டியவை சில உண்டு. சித்தப்பா மகன் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டு, பெயர், தகப்பனார் பெயர், குற்ற எண், சட்டப் பிரிவு ஆகிய நான்கையும் எஃப்.ஐ.ஆரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே, வழக்கு உயிரோடு இருக்கும்போதே, திருத்த மனுப் போடச் சொல்லுங்கள். உறவுக்காரர் யாராவது ஜாமீன் கிடைத்த பிறகும் 7 நாள் உள்ளே இருந்தால், 15100 என்ற சட்ட உதவி எண்ணிலோ மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ 2023 உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள்; காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச உதவி தர வேண்டும் என்பது சட்டம். பிடியாணை ரத்தானால் அதன் நகலை அன்றே நிலையத்தில் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வழக்கில் விடுதலையானால், மேல்முறையீட்டுக் காலம் கழிந்ததும், தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு நிலையத்துக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்பி, பதிவில் முடிவை ஏற்றக் கேளுங்கள்; ரேகையை அழிக்கக் கேட்டு, முன்பு சொன்ன மாநில அரசு அலுவலருக்கும் ஒரு மனு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட நேர்ந்தால் முதல் இணைப்பாக அதைத்தான் வைப்போம்.